நாலு சுடலைமுத்துகளின் டீச்சர்

அந்த டீச்சர் வருகைப் பதிவு எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பக்கத்து அறை வாத்தியார் அதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அவர் கூப்பிடுவது எண்ணை. எந்த எண்ணுக்கு எந்தக் குரல் பதில் சொல்கிறது என்று தலைநிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். டீச்சர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு நிமிர்வார். முகம் கண்ணில் பட்ட பிறகுதான் பேனா தாளில் இறங்கும். முன்னால் இருக்கிறவன் மறைத்தால் அவனைக் குனியச் சொல்லிவிட்டுப் பின்னால் இருக்கிறவனைப் பார்ப்பார். தாராவியில் ஒரு தகரக்கூரைப் பள்ளி, தமிழ்ப் பிரிவு, ஒன்றாம் வகுப்பு. ஒரே அறையில் நூற்றேழு பிள்ளைகள்.

அந்த நூற்றேழில் சுடலைமுத்து என்று நாலு பேர். அடுத்தடுத்து வரும் பெயர்கள். டீச்சர் "சுடலைமுத்து" என்பார், ஒருவன் எழுந்து "உள்ளேன் டீச்சர்" சொல்லி உட்காருவான். மறுபடி அப்படியே "சுடலைமுத்து" என்பார், வேறொருவன் எழுவான். நாலு தடவையும் சரியான ஆள் எழுந்ததைப் பார்த்து முதலில் ஏதோ வித்தை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கூப்பிடும்போதே அவர் அவனைப் பார்த்துவிடுகிறார். யார்மேல் பார்வை விழுந்ததோ அவன் எழுகிறான்.

டீச்சரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் மரியாதை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் பயம். அவரிடம் படித்தவர்கள் தாராவியிலும் திலக் நகரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நல்ல உடம்புக்காரர்கள். நான் அவருக்குச் செய்ததைப் படித்துவிட்டு வீடு தேடி வந்தால் மூன்று மாடி இறங்கி ஓடும் வயது எனக்கு இல்லை.

அப்போது அறுபதுகள். எனக்கு இருபத்து மூன்று வயது. மாதுங்காவில் வளர்ந்து, இங்கிலீஷ் பள்ளியில் படித்து, அம்மாவுக்கு வரும் கடிதங்களை உரக்க வாசித்ததால் மட்டுமே தமிழ் தெரிந்த பிள்ளை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பிரொபேஷன். அலுவலகம் முழுக்க மராத்திக்காரர்கள். நேர்காணலில் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், பிரமாதமாக என்றேன். அதனால் அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளின் காகிதம் அத்தனையும் என் மேஜைக்கு வந்தது. நான் எழுதுவது சரியா தப்பா என்று பார்க்க அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அதிகாரம் என்பதே இதுதான் என்று ஒரு வாரம் மிதப்பில் இருந்தேன். எட்டாம் நாள் ஹெட் கிளார்க் இருமினார். எனக்கு வியர்த்துவிட்டது.

எனக்குப் பீதி அப்படித்தான் வரும், காரணம் கேட்காமல். டெலிபோன் அடித்தால் என்னைத்தான் நீக்குகிறார்கள் என்று தோன்றும். என் டிபன் பாக்ஸைக் காணவில்லை என்றால்கூட நான்தான் திருடிவிட்டேனோ என்று ஒரு கணம் நினைப்பேன்.

அந்த ஜூலையில் சர்க்குலர் வந்தது. ஆரம்பப் பள்ளிகளில் வகுப்புகள் மந்தை மந்தையாக இருக்கின்றன, ஒரு ஆசிரியர் தலையில் அத்தனை பேரைக் கட்டக்கூடாது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். கூடுதல் ஆசிரியர்களுக்கு சர்க்காரிலிருந்து நிதி வந்திருக்கிறது. முதல் கட்டமாக நூறு பிள்ளைகளும் அதற்கு மேலும் உள்ள வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம். பட்டியல் பத்து நாளில் போக வேண்டும். தாமதமானால் இந்த வருஷத்து நிதி கிடையாது. குமாஸ்தா ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஹெட் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் ஒரு வரி சேர்த்தார். வேறு எங்கோ ஒரு பள்ளியில் இல்லாத பிள்ளைகளைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்களாம். பட்டியலில் ஒரே ஒரு போலிப் பெயர் இருந்தாலும் நான் வீட்டுக்குப் போகலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு ராத்திரி சாப்பாட்டில் தெரிந்தது.

தாராவிக்குப் போகக் கிளம்பினேன், அதை மறுக்க முடியாது. மழை. சயான் பக்கம் முழங்கால் தண்ணீர், பஸ் நடுவில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தால் கால் மணி நேரம். நான் வந்த வழியே திரும்பி மாதுங்காவில் ஒரு ஓட்டலில் காப்பி குடித்தேன். இரண்டாவது காப்பி குடிக்கும்போது, பிள்ளைகளைப் பார்க்காமலே பட்டியலைப் பார்த்தால் போதும் என்ற ஞானம் வந்தது.

டீச்சர் அனுப்பிய பட்டியலைப் பிரித்தேன். மணிமணியான கையெழுத்து. நூற்றேழு பெயர். பாதியில் கண் நின்றது. சு. சுடலைமுத்து. அடுத்த வரியில் சு. சுடலைமுத்து. அதற்கடுத்தும் அதுவே, அதற்கடுத்தும் அதுவே. புரட்டினால் பேச்சியம்மாள் ஐந்து, இசக்கிமுத்து ஐந்து. மாதுங்காவில் எங்கள் கட்டிடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருந்ததில்லை. இது போலிதான், நம்மைக் கவிழ்க்கத்தான் என்று முடிவு கட்டினேன். மற்ற பெயர்களுக்கு முன்னால் இருந்த தகப்பன் எழுத்து ஒன்றா வேறா என்று பார்க்கும் நிதானம்கூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை விட்டுவிட்டு மிச்சத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். மூன்று சுடலை, நாலு பேச்சி, நாலு இசக்கி. பதினொன்று போயிற்று. மீதி தொண்ணூற்றாறு. கீழே "நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

ஒரு மாதம் கழித்து, ஆசிரியர் ஒதுக்கிய பள்ளிகளின் பட்டியல் வந்தது. அந்தப் பள்ளி அதில் இல்லை. அதற்கு மூன்றாம் நாள் டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டு, காலைச் சாக்கில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"தமிழ் பாக்குற தம்பி நீங்கதானா?" என்றார். "எங்க பள்ளிக்கூடத்துப் பேரு வரலியே."

நூறு இருந்தால்தான் உண்டு, உங்களிடம் தொண்ணூற்றாறுதான் என்று சொன்னேன்.

"நூத்தியேழுல்லா அனுப்புனேன்."

பட்டியலைக் காட்டும்படி கேட்டார். காட்டினேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு இது யார் போட்டது என்றார். நான் மேலே என்று சொல்லிக் கையை உயர்த்தினேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையும் ஒரு தடவை பார்த்தார்.

கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கோபக்காரர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், அவர்களைவிட அதிகமாக நடுங்கினால் போதும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இவன் சுப்பையா மவன். இவன் சுந்தரம் மவன். இவன் சுயம்பு மவன். இது சுடலையாண்டி மவன். நாலு பேரும் அண்ணந்தம்பி மக்க. ஊர்ல தாத்தா பேரு சுடலைமுத்து. எங்க பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பேருதான் தம்பி. நாலு மவன் இருந்தா நாலு வீட்லயும் அதே பேருதான்."

அப்படியென்றால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது.

"வீட்ல யாரு அந்தப் பேரைச் சொல்லுதா? மாமனார் பேரை மருமவ சொல்லுவாளா? பெரியவன்னுவா, ராசான்னுவா, ஏலேன்னுவா. பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் தம்பி அவனுக்குப் பேரு."

பேச்சியம்மாளும் இசக்கிமுத்தும் அவரவர் குலதெய்வத்தின் பெயர்கள் என்றும், ஒரே சாமி கும்பிடுகிறவர்கள் ஒரே சந்தில் குடியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பதினொரு பேரையும் விரல் வைத்துச் சொன்னார். யாருக்கு முன்பல் விழுந்திருக்கிறது, யார் இடதுகையால் எழுதுகிறாள், யார் மாடித் தட்டில் குடியிருக்கிறான், எல்லாம்.

அப்போதுதான் ஹெட் கிளார்க் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். "க்யா ஹை? லிஸ்ட் மே கல்தி ஹை க்யா?" பட்டியலில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. விடுபட்ட வகுப்புகளை அந்த வாரச் சனிக்கிழமைக்குள் சேர்த்து அனுப்பலாம் என்று காகிதம்கூட வந்திருந்தது, என் மேஜைமேலேயே இருந்தது.

"நஹி சாஹேப்," என்றேன். "சப் டீக் ஹை." எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

டீச்சர் தாராவியில் பதினைந்து வருஷம் இருந்தவர். இந்தி நன்றாகவே புரியும். என்னைப் பார்த்தார். ஹெட் கிளார்க் அவரிடமே, அம்மா, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் என்மேலிருந்து பார்வையை எடுக்காமல் ஒன்றுமில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தார்.

"வாரேன் சார்," என்றார் என்னிடம். அரை மணி நேரமாகத் தம்பி தம்பி என்றவர். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கவனக்குறைவால் என்று ஆரம்பித்தேன், அது என் வேலையை நானே கேட்டு வாங்கி வெட்டிக்கொள்வதுபோல் இருந்தது. ஆசிரியையின் கையெழுத்துத் தெளிவில்லாததால் என்று ஆரம்பித்தேன், அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு அதை எழுத எனக்கே கூசியது. மழையால் என்று ஒன்று. கிழித்த காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் அடுப்பில் போட்டேன். அலுவலகக் குப்பைக்கூடையில் போட்டால் யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்கள் என்று பயம்.

சனிக்கிழமை காலை எனக்கு ஜுரம். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரமே இல்லையேடா. ஏன் இப்படி நடுங்கறே?"

"உள்ஜுரம்மா."

"அப்படின்னா மிளகு ரசம் வைக்கறேன். உள்ளேயே போய் அடிக்கட்டும்."

சனிக்கிழமை அலுவலகம் ஒரு மணிக்கு மூடும். சரியாக ஒன்றேகாலுக்கு என் ஜுரம் இறங்கிவிட்டது. இரண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் பண்ணிய காரியங்களிலேயே இன்றுவரை தொண்டையில் நிற்பது அந்த இரண்டாவது தடவைச் சாதம்.

தீபாவளி சமயத்தில் ஒரு பெட்டி சாக்பீஸை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். சாக்பீஸ் கொடுத்தால் கொஞ்சம் ஈடாகும் என்று ஏதோ கணக்கு. அப்போதுதான் முதல்முதலாக அந்த அறையைப் பார்த்தேன். நாற்பது பேர் உட்காரலாம். பிள்ளைகள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கட்டையில் மூன்று பேர். டீச்சர் வகுப்பை அவராகவே இரண்டாக்கிப் பாதியை வராந்தாவில் உட்காரவைத்திருந்தார். நடுவில் வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே பார்த்து ஒரு வரி, வெளியே பார்த்து அதே வரி. காலையிலிருந்து மாலைவரை எல்லாவற்றையும் இரண்டு தடவை.

குரல் போய்விட்டிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் பெயர் கூப்பிடுவதை விடவில்லை. கையை ஒருமுறை தட்டுவார், பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் உதட்டையே பார்ப்பார்கள். நூறு பிள்ளைகள் அப்படிச் சத்தமில்லாமல் இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ரெண்டு ரூமுக்கு ஒரு தொண்டை ஆவுமா சார்?" என்றார். குறை சொல்கிற தொனி இல்லை, அடுப்பில் விறகு போதவில்லை என்பதுபோல்.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகமும் பால்பொடியும் என் பட்டியல்படிதான் வந்துகொண்டிருந்தன. தொண்ணூற்றாறு புத்தகம். பாலை டீச்சர் ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு விரல் குறைத்து ஊற்றி நூற்றேழாக்கிவிட்டார். புத்தகத்தை அப்படி ஊற்ற முடியாது. தினமும் பதினொரு பேர் புத்தகமில்லாமல் இருக்க வேண்டும். யார் என்பதை முறை வைத்து மாற்றிக்கொண்டிருந்தார்.

வராந்தாவின் கடைசியில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், புத்தகமில்லாமல் ஒருவன் இருந்தான். பெயர் கேட்டேன்.

"சுடலைமுத்து."

"எந்தச் சுடலைமுத்து?"

"சும்மா."

பக்கத்திலிருந்த பேச்சியம்மாள் ஒருத்தி விளக்கினாள். மற்றவர்கள் பல்லுச் சுடலை, மாடிச் சுடலை, தோல் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கிட்டங்கிச் சுடலை. இவனுக்குச் சொல்லும்படி ஒன்றும் இல்லாததால் சும்மா சுடலை. அவன் அதை ஒரு பட்டம்போல ஏற்றுக்கொண்டு சிரித்தான். இன்றைக்குப் புத்தகமில்லாத முறை உன்னுடையதா என்று கேட்டேன். முறை இந்தப் பேச்சியம்மாளுடையதாம். அவள் அழுதாளாம், அதனால் இவன் கொடுத்துவிட்டானாம்.

அதற்கப்புறம் அந்த வருஷம் நான் அங்கே போகவில்லை. அடுத்த சாக்பீஸ் பெட்டியைப் பியூன் கையில் கொடுத்தனுப்பினேன். பிரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. அம்மா அக்கம்பக்கத்துக்குப் பாயசம் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்தது. டீச்சர் அந்தப் பள்ளி வழக்கப்படி பிள்ளைகளோடு இரண்டாம் வகுப்புக்கு ஏறியிருந்தார். சிலர் நின்றுபோய், ஊரிலிருந்து சிலர் புதிதாக வந்து, இப்போதும் நூறைத் தாண்டியிருந்தது. இந்த முறை இன்ஸ்பெக்டரே நேரில் போய்த் தலைகளை எண்ணிவிட்டு வந்தார். நான் எண்ணிக்கையை மட்டும் டைப் அடித்தேன். ஒரு பெயரையும் சிவப்பு மையால் அடிக்காமல் இருந்ததுதான் என் பங்கு. ஆணை வந்தது. பள்ளிக்கு இன்னொரு அறையும் ஒதுக்கி, முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்துபோகும் ஒரு இளம் டீச்சரைப் போட்டார்கள். ஆணையைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவேட்டை இரண்டாகப் பிரித்துவிட்டு வர என்னை அனுப்பினார்கள்.

டீச்சருக்குக் குரல் திரும்பியிருந்தது, முன்பிருந்த குரல் அல்ல. உள்ளே ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. சார்தான் நமக்கு இன்னொரு டீச்சரைக் கொண்டு வந்திருக்கிறார், எழுந்து வணக்கம் சொல்லுங்கள் என்றார் பிள்ளைகளிடம். நூறு வணக்கங்களும் என்மேல் விழுந்தன. அதைத் தாங்க முடியாமல் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"டீச்சர், போன வருஷம் அந்தக் கோடு..."

"உங்க கோடுதானே. அன்னைக்கே தெரியும் சார். நீங்க மேல காட்டுன விரல்லதான அன்னைக்கும் செவப்பு மை இருந்துது."

பின் ஏன் அன்றைக்கு சாஹேபிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். அந்த ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சது நீங்க ஒரு ஆளு. அடுத்து வாரவனுக்கு அதுவும் தெரியாதுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பேன்? நாலு சுடலைமுத்து உண்டுன்னு உங்களுக்காவது சொல்லியாச்சு."

என்னை மன்னித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். பயந்தவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தால் உடனே வேடிக்கை பேச வந்துவிடும். எனக்கும் ஒரு பேரன் பிறந்தால் என் பெயரை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், குமாஸ்தாக்கள் பாவம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டையும் தன் பேனாவையும் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"அடுத்த ரூமுக்குப் போவுத பிள்ளைய பேரை இதுல அடிக்கணும். ராத்திரியே உக்காந்து பாத்தேன், எனக்குக் கை வரலை. நீங்க அடிங்க சார். உங்களுக்குப் பழக்கந்தான்."

நின்றுகொண்டே வாசித்தேன். ஒருவர் விட்டு ஒருவர் என்று முறை. பெயர் வாசிப்பேன், பிள்ளை எழும். இருக்கிறவன் உட்காருவான். போகிறவனுக்கு நான் கோடு போடுவேன், அவன் பையைத் தூக்கிக்கொண்டு டீச்சரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அடுத்த அறைக்கு நடப்பான். இந்தமுறை ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். இப்படிப் பார்த்தால் ஒரு கோடு போட எவ்வளவு நேரமாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சு. சுடலைமுத்து. பல்லு முளைத்திருந்தது. உட்கார்ந்தான். சு. சுடலைமுத்து. மாடிக்காரன், எழுந்து போனான். சு. சுடலைமுத்து. கிட்டங்கிக்காரன், உட்கார்ந்தான். சு. சுடலைமுத்து.

யாரும் எழவில்லை. இன்னொரு தடவை வாசித்தேன். அந்தப் பெயருக்கு நேரே ஜூன் மாதத்திலிருந்து எல்லாக் கட்டத்திலும் வரவில்லை என்ற குறி இருந்தது. ஒரு நாள் விடாமல், அதே மணியான கையெழுத்தில்.

வராந்தாவில் இருந்த பையனா என்று கேட்டேன்.

"தை மாசமே நின்னுட்டான் சார். பொஸ்தவம் இல்லாம வராந்தாவுல உக்காந்து என்னத்தப் படிக்கான்னு அப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். பய இப்பத் தோல் கிட்டங்கில தோலுக்கு உப்புத் தடவுதான்."

பேனாவை அந்த வரியில் வைத்தபடி நின்றேன். முறைப்படி அது கோடு போட வேண்டிய பெயர். டீச்சர் கையை நீட்டிப் பேனாவின் நுனியை மெதுவாக அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"அவனை விட்டிருங்க. அவனைத்தான் போன வருஷமே அடிச்சிட்டியளே."

பிறகு, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அடுத்த பெயரை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். அந்தப் பெயருக்கு யாரும் எழவில்லை. முன் வரிசையிலிருந்து வேறொரு சிறுமி எழுந்து, டீச்சரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேக்கலை சார்," என்றாள்.